புல்லி நகர்ந்தது, ரோட்டார் நகரவில்லை

சித்தப்பாவின் அம்பாசிடரை முதன்முதலாக நான் தள்ளியபோது அது நல்ல ஓட்டத்தில் இருந்தது. பட்டறைக்குத் தானே ஓடி வந்து நின்ற வண்டியைத்தான் மெக்கானிக் தள்ளச் சொன்னார். அதுவும் ஊர்ப்பட்ட தூரம் இல்லை.

"தம்பி, நாலாவது கியர்ல போட்டிருக்கேன். பிளக்கு நாலையும் கழட்டியாச்சு. பின்னாடி பம்பரப் பிடிச்சு ஒரு சாண் முன்னாடி தள்ளு. நிறுத்துன்னா நிறுத்திரணும். அப்புறம் ஒரு விரக்கடை, ஒரே விரக்கடை, பின்னாடி இழு."

தள்ளினேன். நிறுத்தினேன். இழுத்தேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் தள்ளச் சொன்னார். நாலைந்து முறை இப்படி நடந்தது. பிறகு சித்தப்பாவைப் பம்பருக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி கழற்றிக் கிடந்தது. உள்ளே ரோட்டார் ஒரு திசையைக் காட்டிக்கொண்டு நின்றது. கீழே கிராங்க் புல்லியின் விளிம்பில் இருந்த சிறு வெட்டில் சுண்ணாம்பு தடவியிருந்தார். சித்தப்பா பின்னால் இழுக்க, அந்த வெள்ளைப் புள்ளி ஒரு விரல்நகத்தின் அகலம் நகர்ந்தது. ரோட்டார் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்த பிறகுதான் திடுக்கிட்டு விழித்ததுபோல் அதுவும் திரும்பியது.

"பாத்தியா? கீழ இருக்கறவன் திரும்பிட்டான். மேல இருக்கறவனுக்குச் சேதி போய்ச் சேரல. செயின் இழுத்துருச்சு."

அந்த வெள்ளைப் புள்ளி நகர்ந்த தூரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதே இந்த அத்தியாயம். அவர் பார்த்தது சரி. அவர் சொன்ன சொல்லில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

ஒரு நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் இரண்டு தண்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே கிராங்க்ஷாஃப்ட்; பிஸ்டன்கள் அதைச் சுழற்றுகின்றன. அதற்கு மேலே ஒரு பக்கமாகக் கேம்ஷாஃப்ட். அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த விகிதம் பிசகவே கூடாது. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் எங்கே இருக்கும்போது வால்வு திறக்க வேண்டும் என்பது டிகிரிக் கணக்கில் குறித்து வைக்கப்பட்டது. இந்த வண்டியில் அந்தக் கணக்கைக் கீழிருந்து மேலே எடுத்துப்போகிற ஒரே ஆள் டைமிங் செயின்.

அம்பாசிடரை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 2014 வரை செய்தது. உடல் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. தொடக்கத்தில் பக்கவால்வு இயந்திரம் இருந்தது. 1959-இல் வந்த 1489 சி.சி. இயந்திரம் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் பிறந்த 1798 சி.சி. இயந்திரம் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தது. ஆகவே இங்கிலாந்தில் வார இறுதியில் மட்டும் எம்ஜிபி ஓட்டுகிறவரும், திண்டுக்கல்லில் தாத்தாவின் அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவரும் ஒரே இரும்பின் ஒரே நோயைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்கு உள்ளேயே படுத்திருக்கும். அங்கிருந்து டாப்பெட், புஷ்ராடு, ராக்கர் வழியாக அசைவு வால்வுக்கு ஏறும். டிஸ்ட்ரிபியூட்டரையும் இதே கேம்ஷாஃப்ட்தான் ஒரு பல்சக்கரத்தின் மூலம் திருப்புகிறது. அதனால்தான் மெக்கானிக் ரோட்டாரைப் பார்த்தார். கேம் என்ன செய்கிறது என்பதை வெளியில் வந்து காட்டுகிற ஒரே கடிகாரமுள் அது.

*

இப்போது அந்தச் சொல். "செயின் இழுத்துருச்சு" என்று எல்லாப் பட்டறைகளிலும் சொல்கிறார்கள். ரப்பர் போல, துணி காயப்போடும் கொடி போல, இரும்பு இழுபட்டு நீண்டுவிட்டது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்தேன். ஆனால் செயினின் தகடுகள் இழுபடுவதில்லை. அது தேய்கிறது; தேய்வதால் நீள்கிறது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் எதை அளக்கிறோம் என்பதே தெரியாது.

சைக்கிள் செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளித் தகடுகள் இரண்டு, உள் தகடுகள் இரண்டு, அவற்றைச் சேர்க்கும் பின். பின்னைச் சுற்றி புஷ் என்ற குழாய். புஷ்ஷுக்கு மேலே உருளும் ரோலர். இந்த அமைப்பை 1880-இல் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட்; ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். புஷ் என்ற அந்தச் சின்னக் குழாய்தான் அவருடைய அறிவு. அதற்கு முன் பின்னின் மீது தகட்டின் விளிம்பு மட்டுமே உரசியது. மெல்லிய விளிம்பு சீக்கிரம் அறுத்துவிடும். ரெனால்ட் அந்த உரசலைக் குழாயின் முழு நீளத்துக்கும் பரப்பிக் கொடுத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் பெரிதாகத் திருத்த எதுவும் இருக்கவில்லை. பி வரிசை இயந்திரத்தில் இதே செயின் இரட்டை வரிசையாக, 52 கண்ணிகளோடு இருக்கிறது. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை 9.525 மி.மீ.; அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. மொத்தச் சுற்றளவு 495 மி.மீ. சொச்சம்.

செயின் நேராக ஓடும்போது எதுவும் உரசுவதில்லை. பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. சின்ன சக்கரத்தில் இரண்டு முறை, பெரியதில் இரண்டு முறை: ஒரு சுற்றுக்கு நான்கு. ஒவ்வொரு முறையும் பின் புஷ்ஷுக்குள் சில டிகிரி திரும்பி உரசும். கணக்கு எளிதாக இருக்க, கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். 3000 ஆர்.பி.எம்.மில் செயின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1150 சுற்று வரும். ஒவ்வொரு மூட்டும் 4600 முறை மடங்கி நிமிரும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 1 லட்சம் கி.மீ. போக 2000 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஒரு மூட்டு 55 கோடி முறை உரசியிருக்கும்.

55 கோடி உரசலுக்குப் பிறகு சராசரியாக ஒரு கண்ணிக்கு ஒரு தலைமுடியின் தடிமன், அதாவது 0.1 மி.மீ. அளவு கூடியிருந்தால், அந்த இரும்பின் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனால் 52 தலைமுடிகளை அடுக்கினால் 5 மி.மீ. ஆகிவிடும். அதுதான் 1 சதவீத நீட்சி.

சைக்கிளில் இது நடந்தால் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றே பின்னால் இழுத்து முடுக்கிவிடுவோம். இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. கிராங்கும் கேமும் ஒரே வார்ப்பிரும்புக்குள் துளையிட்டு உட்கார வைக்கப்பட்டவை; அவற்றுக்கு இடையிலான தூரம் மாறாது. கூடிய நீளமெல்லாம் தளர்வாக ஒரு பக்கம் தொங்கத்தான் வேண்டும்.

தேய்மானத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆயில். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போகிற ஆயிலில் கரியும் தூசியும் இருந்தால் அது மசகாக இருக்காது, உப்புத்தாளாக இருக்கும். ஆயில் மாற்றுவதை 2000 கி.மீ. தள்ளிப்போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இந்த மூட்டைத்தான் காட்ட வேண்டும்.

*

இங்கேதான் பலர் இடறுகிறார்கள், நானும் இடறினேன். நீண்ட செயின் இரண்டு வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது. இரண்டுக்கும் அளவு டிகிரிதான் என்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது பின்தங்கல். இயந்திரம் ஓடும்போது கிராங்க் ஒரு பக்கத்துச் செயினை இழுக்கிறது. அந்தப் பக்கம் விறைப்பாக இருக்கும். அந்த நேர்ப்பகுதியில் சுமார் 10 கண்ணிகள். ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. நீண்டிருந்தால் மொத்தம் 1 மி.மீ. அந்த 1 மி.மீ. அளவுக்குக் கேம் சக்கரம் தாமதமாகத் திரும்பும். 40 பல் சக்கரத்தின் ஆரம் 60 மி.மீ. அளவு இருக்கும், ஆகவே 1 மி.மீ. என்பது கேமில் ஏறத்தாழ 1 டிகிரி, கிராங்கின் கணக்கில் 2 டிகிரி. அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்டம். பட்டறையில் 'ப்ளே' என்பார்கள். கிராங்கைத் திசை மாற்றித் திருப்பினால், இதுவரை தொங்கிக்கொண்டிருந்த மறுபக்கம் விறைப்பாகும் வரை கேம் அசையாது. இப்போது கணக்கில் வருவது மொத்தத் தளர்வும். 5 மி.மீ. முழுவதும் தளர்வாக நின்றால், 30 மி.மீ. ஆரமுள்ள கிராங்க் சக்கரம் 9 டிகிரிக்கு மேல் சும்மா திரும்ப வேண்டும். நடைமுறையில் நீண்ட செயின் பல்லின் மேல் சற்றே ஏறி உட்கார்ந்துகொள்வதால், நீளத்தின் ஒரு பங்கை இரண்டு சக்கரங்களும் விழுங்கிவிடும். எனவே அதே செயின் 4 முதல் 9 டிகிரி வரை ஏதாவது ஓர் அளவைக் காட்டும்.

அதாவது புல்லியில் 8 டிகிரி ஆட்டம் தெரிந்தால் வால்வுகள் 8 டிகிரி தாமதமாகத் திறக்கின்றன என்று பொருளில்லை. அவை பெரும்பாலும் 2 டிகிரி, மிஞ்சிப்போனால் 3 டிகிரி பின்தங்கியிருக்கும். ஆட்டம் என்பது நோயைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி. அதனாலேயே அது நல்ல சோதனை: 1 மி.மீ. தேய்மானத்தை நேரடியாகப் பார்க்க முடியாது, 8 டிகிரி ஆட்டத்தைச் சுண்ணாம்புப் புள்ளியில் பார்க்கலாம்.

2 டிகிரி தாமதம் இயந்திரத்தை என்ன செய்யும்? உறிஞ்சும் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 45 டிகிரி ஏறிய பிறகு மூடுகிறது என்று கொள்வோம். 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் அதற்குள் 10 மி.மீ. மேலே வந்திருக்கும். அழுத்தம் தொடங்குவது மீதமுள்ள 79 மி.மீ.யில். 47 டிகிரியில் மூடினால் கூடுதலாக 0.9 மி.மீ. இழப்பு, நூற்றில் ஒன்று. கால் வைத்து ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டிவிட்டால் கதை வேறு. 20 பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 18 டிகிரி. வால்வு 63 டிகிரியில் மூடும். பிஸ்டன் 19 மி.மீ. ஏறிவிட்டிருக்கும், அழுத்தப்படும் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். மேட்டில் ஏறாத வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி இதுதான். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் செயினைச் சந்தேகிக்க வேண்டும். ரிங்குகள் நான்கும் பேசிவைத்துக்கொண்டு சமமாகத் தேய்வது அபூர்வம்.

2 டிகிரிதானே என்று விட்டுவிடவும் முடியாது. கேம்ஷாஃப்ட் சீராகச் சுழலுகிற தண்டு இல்லை. ஒரு வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது; செயின் விறைப்பாக இருக்கும். கேமின் மூக்கு தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் தள்ளுகிறது. ஒரு கணம் கேம் செயினை முந்திக்கொண்டு ஓடுகிறது. புதுச் செயினில் ஓட இடமில்லை. தேய்ந்த செயினில் இருக்கிறது. முன்னால் ஓடி, மோதி, அடுத்த வால்வு வந்ததும் பின்னால் இழுபட்டு, மறுபடி மோதும். மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் இது நன்றாகக் கேட்கும்: சில்லறை போட்ட டப்பாவை யாரோ லேசாக ஆட்டுவதுபோல், டைமிங் கவருக்குப் பின்னாலிருந்து. நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைக் கவரில் வைத்துக் கேட்டால் டாப்பெட் சத்தத்திலிருந்து இதைப் பிரித்தறியலாம். ஃபேன் பக்கத்தில் சுற்றுகிறது என்பதை மறந்துவிடாமல். ஸ்பார்க் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் புல்லிமேல் அடித்தால், ஒரே இடத்தில் நிற்க வேண்டிய வெட்டு இங்கும் அங்கும் தாவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் ஏமாறும் இடம் இது. டிஸ்ட்ரிபியூட்டர் கேமிலிருந்து ஓடுவதால் வால்வோடு சேர்ந்து ஸ்பார்க்கும் பின்தங்கும். வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி ஸ்பார்க்கைச் சரிசெய்வார்கள். வண்டியும் தெம்பாக ஓடும். ஸ்பார்க்கைத் திருப்பித் திருத்தலாம். வால்வைத் திருத்தத் திருகு எதுவும் வெளியில் இல்லை. ஒரு வண்டியில் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சர்வீஸிலும் டைமிங்கை "கொஞ்சம் அட்வான்ஸ்" செய்துகொண்டே வருகிறார்கள் என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் செயினின் தேய்மானத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

*

அந்த அம்பாசிடர் பிற்காலத்தில் என்னிடம் வந்தது. மெக்கானிக் அண்ணன் அன்று மாற்றிய செயின் வெகுதூரம் ஓடிவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததை நானே செய்து பார்த்தேன். சுண்ணாம்புப் புள்ளிக்குப் பதில் காகிதம்.

எழுதும் தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நாடா வெட்டி ஒட்டி, புல்லியைச் சுற்றி, நுனிகள் சந்திக்கும் இடத்தைக் குறித்து வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த நீளம் 360 டிகிரி. 400 மி.மீ. இருந்தால் 1 டிகிரிக்கு 1.1 மி.மீ. நாடாவின் ஒரு பகுதியில் 20 டிகிரி வரை பென்சிலால் கோடு போட்டுப் புல்லியில் ஒட்டி, டைமிங் கவரில் உள்ள கூர்முனைக்கு நேராக வைத்தால் நல்ல அளவுகோல் தயார். காசு செலவில்லை.

பிளக்குகள் நான்கையும் கழற்ற வேண்டும்; இல்லாவிட்டால் சிலிண்டரின் அழுத்தம் கையை எதிர்த்துத் தள்ளி எல்லாவற்றையும் கெடுக்கும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அம்பாசிடருக்கு முன்னால் ஹேண்டில் போடும் துளை இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே என்று முதலில் நினைத்தேன். முடியாது. ஹேண்டில் மாட்டும் பற்கள் ஒருபக்கம் சாய்வாக வெட்டப்பட்டவை. முன்னால் சுற்றினால் பிடிக்கும், பின்னால் திருப்பினால் வழுக்கி வெளியே வந்துவிடும். இயந்திரம் ஸ்டார்ட் ஆனதும் ஹேண்டில் கையை முறிக்காமல் விலகுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. நமக்கு வேண்டியதோ பின்னால் திருப்புவது. அதனால்தான் அன்று நாலாவது கியரில் போட்டு என்னைத் தள்ளவிட்டார் என்பது அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. நாலாவது கியரில் கிராங்கின் 1 டிகிரிக்கு வண்டி 1 மி.மீ. சொச்சம்தான் நகரும், சாணும் விரற்கடையும் அந்தக் கணக்கில் வந்தவை. ஆள் துணை இல்லாவிட்டால் கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பலாம்; பெல்ட் வழுக்காமல் இருந்தால் போதும்.

முதலில் முன்னோக்கித் திருப்பி நிறுத்த வேண்டும். இழுக்கும் பக்கம் விறைத்துக்கொள்ளும். நாடாவில் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பின்னோக்கி மிக மெதுவாக. ரோட்டார் அசைய ஆரம்பிக்கும் நொடியில் நிறுத்தி மறுபடி எண்ணைப் பார்க்க வேண்டும். வித்தியாசம்தான் ஆட்டம்.

நான் முதல் தடவை அளந்தபோது 3 டிகிரி வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. கால் சுற்று தள்ளி மறுபடி அளந்தேன்: 8. இன்னும் கொஞ்சம் தள்ளி: 1 கூட இல்லை. ஒரே செயின், மூன்று விடை. அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து யோசித்த பிறகு விளங்கியது. கேம் தனியாக இல்லை. அதன்மேல் வால்வு ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வால்வு பாதி திறந்த நிலையில் நிறுத்தினால் ஸ்பிரிங் கேமைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்கை நான் பின்னால் எடுத்த அதே கணத்தில் கேமும் ஸ்பிரிங்கின் உந்தலால் கூடவே வந்துவிடும். தளர்வு இருந்தும் தெரியாது. வால்வு மூடிக்கொண்டிருக்கும் நிலையில் நிறுத்தினால், கேம் ஏற்கெனவே முன்னால் ஓடி மறுபக்கத்தை விறைப்பாக்கி வைத்திருக்கும். அப்போதும் ஆட்டம் தெரியாது. ஸ்பிரிங்குகளின் தள்ளலும் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடத்தில் மட்டுமே உண்மையான அளவு வெளிப்படும். ஆகவே ஒரே இடத்தில் அளந்து நிம்மதி அடையக் கூடாது. இரண்டு முழுச் சுற்றுக்குள் எட்டுப் பத்து இடங்களில் அளந்து, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ராக்கர் ஷாஃப்டைத் தளர்த்திவிட்டால் ஸ்பிரிங் தொல்லையே இருக்காது என்று தோன்றும். இந்த இயந்திரத்தில் அதில் கை வைக்காதீர்கள்: ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. செயினை அளக்கப் போய் ஹெட் கேஸ்கெட்டை மாற்ற வேண்டிவரும்.

அடுத்த கள்ளம் டிஸ்ட்ரிபியூட்டர். ரோட்டாருக்கும் கேமுக்கும் நடுவே ஒரு பல்சக்கரமும் ஒரு நாக்குப் பொருத்தும் இருக்கின்றன, அவையும் தேயும். ரோட்டாரை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தால், அட்வான்ஸ் ஸ்பிரிங் எதிர்ப்பதற்கு முன் தடையில்லாமல் அசைகிற ஒரு கொஞ்சம் தெரியும். ரோட்டார் கேமின் வேகத்தில் சுற்றுவதால் அந்தக் கொஞ்சத்தை இரண்டால் பெருக்கினால்தான் கிராங்க் டிகிரி ஆகும். என் வண்டியில் அது ரோட்டாரில் 1 டிகிரி, கணக்கில் 2. ஆக 8-இல் செயினுக்குச் சேர வேண்டியது 6.

எம்ஜிபி போன்ற வண்டிகளில் மூன்றாவது ஒன்றும் உண்டு. தொங்கும் பக்கத்தில் ஒரு டென்ஷனர் செயினை அழுத்திக்கொண்டிருக்கும். ஆயில் அழுத்தமும் ஸ்பிரிங்கும் அதன் தலையை முன்னால் தள்ளும். உள்ளே உள்ள பல் அது பின்வாங்காமல் தடுக்கும். நல்ல ஏற்பாடு, சத்தம் வராது, செயின் தாவாது. ஆனால் அதே ஏற்பாடு தேய்மானத்தைக் காதிலிருந்தும் நாடாவிலிருந்தும் மறைத்துவிடும். டென்ஷனர் உள்ள இயந்திரத்தில் ஆட்டம் குறைவு என்பதை வைத்து மட்டும் செயின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓடிய தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை டிகிரி வந்தால் கவரைத் திறப்பது? புதுச் செயினும் பூஜ்யம் காட்டாது. 1, 2 டிகிரி இயல்பு. டிஸ்ட்ரிபியூட்டரின் பங்கைக் கழித்த பிறகு 4 வரை இருந்தால் நான் ஓட்டுவேன், அடுத்த ஆண்டு மறுபடி அளப்பேன். 5-ஐத் தாண்டினால் செயின் வாங்கி வைத்துக்கொள்வேன். 8, 10 என்றால் ஊர்ப்பயணம் வேண்டாம். இவை நான் மேலே போட்ட கணக்கிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லைகள்.

*

ரேடியேட்டரை இறக்கி, புல்லியை உருவி, கவரைக் கழற்ற ஒரு நாள் ஆனது. கவரின் உட்புறத்தில் ஆயில் கறைக்கு நடுவே இரண்டு கோடுகள் வெள்ளியாக மின்னின. செயினின் இரண்டு வரிசைகளும் தட்டித் தட்டித் தேய்த்த இடம். வெளியே கேட்ட டப்பாச் சத்தத்தின் எழுத்து வடிவம் அது.

செயினை மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் துடைத்து, பக்கவாட்டில் படுக்கிற மாதிரி ஒரு நுனியைப் பிடித்து நீட்டினேன். பின்கள் செங்குத்தாக நிற்க, செயின் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். புதுச் செயின் இப்படிப் பிடித்தால் ஏறக்குறைய நேராகவே நிற்கும், லேசாக மட்டும் தாழும். இது வில் மாதிரி வளைந்து தொங்கியது. ஒவ்வொரு புஷ்ஷுக்குள்ளும் பின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்ததன் கூட்டுத்தொகை அந்த வளைவு. பிறகு பலகையில் விறைப்பாக ஆணியடித்து வைத்து 10 கண்ணிகளை வெர்னியரில் அளந்தேன். 95.25 இருக்க வேண்டியது 96.1 இருந்தது. 0.9 சதவீதம். கேம் சக்கரத்தின் பற்களில் ஒரு பக்கம் மட்டும் மெல்லக் குழிந்து கொக்கி போலத் திரும்பியிருந்தது. அந்தச் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால், நீண்ட செயினுக்குப் பழகிய பல் புதியதையும் சீக்கிரமே தன் அளவுக்கு இழுத்துவிடும். எனவே இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே மாற்றினேன். சக்கரங்களில் உள்ள புள்ளிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, கவரை மூடி, ஆயில் சீலையும் புதிதாகப் போட்டேன்.

மறுநாள் காலையில், பிளக்குகளை மாட்டுவதற்கு முன், என் மகனைக் கூப்பிட்டுப் பின் பம்பரைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு சாண் முன்னால், ஒரு விரற்கடை பின்னால். எட்டு இடங்களில் பார்த்தோம். பெரிய எண் 3. அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 2.

அந்தக் காகித நாடாவைப் புல்லியிலிருந்து உரித்து வண்டியின் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதில் 8-இல் ஒரு பென்சில் கோடு, 3-இல் ஒரு பென்சில் கோடு. இரண்டுக்கும் பக்கத்தில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும்.